ஓர் அடைவு இரண்டு வேலை பார்க்குமா?

பாடப்பதிவு திறக்கும் காலைப் பொழுதை நம் வாசகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மார்களும் அக்காமார்களும்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதுண்டு. குறித்த நேரம் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொத்தானை அழுத்துகிறோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிற்பதற்குள் நாம் விரும்பிய பிரிவு நிரம்பிவிடுகிறது. 'சர்வர் சரியில்லை' என்று அலுத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வகுப்பைத் தலையெழுத்தென்று ஏற்றுக்கொள்கிறோம்.

சர்வர் திணறுவதற்குக் காரணங்கள் பல. இணைய இணைப்பு, நிரலின் தரம், இயந்திரத்தின் வயது எனப் பட்டியல் நீளும். அவற்றுள் வெளியே தெரியாத ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். தரவுத்தளத்தில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று அடைவுகளை வைத்திருப்பது, அவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் அது. கணினித் துறையில் பயில்பவர்களுக்கு மட்டுமன்றி, சங்க உறுப்பினர் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படும் என நினைக்கிறேன்.

முதலில் சொல் விளக்கம். வகுப்பில் நாங்கள் 'இண்டெக்ஸ்' என்றுதான் சொல்வோம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவும் அதுவும் ஒரே இனம் என்பதால் இங்கே 'அடைவு' என்று எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு 'அடைவுநிலை' என்றதும் தேர்வுப் புள்ளிகள்தாம் கண்முன் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. சொல்லடைவைப் பார்த்தால் பக்க எண் கிடைத்துவிடும். தரவுத்தளத்திலும் அப்படியே. ஓர் அட்டவணையில் மில்லியன் கணக்கில் வரிகள் இருந்தாலும், அடைவு இருந்தால் தேடிய வரியைச் சில எட்டுகளில் பிடித்துவிடலாம். இந்த அடைவுகள் பெரும்பாலும் 'பி-மரம்' எனும் அமைப்பில் சேமிக்கப்படுகின்றன. போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் ஆகிய இருவரும் 1970-இல் வகுத்து, 1972-இல் ஆய்விதழில் வெளியிட்ட அமைப்பு இது. வரிசைப்படுத்திய சாவிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மேலே வழிகாட்டும் பக்கங்களை வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஒரு பக்கத்தில் 500 சாவிகள் எனக் கொண்டால், மூன்றே அடுக்குகளில் 125 மில்லியன் வரிகள் அடங்கும். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இதை அசைக்க ஆளில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி, 'வரிசைப்படுத்திய' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் நம்மவர் பெயர்கள் 'கணேசன் த/பெ சுப்பிரமணியம்' என்பது போல் பதிவாகின்றன. ஒரு முன்னாள் மாணவர் பட்டியலைச் சொந்தப் பெயரால் அகரவரிசைப்படுத்தி, ஒரே பெயர் கொண்டவர்களைத் தந்தையின் பெயரால் மேலும் வரிசைப்படுத்தியதாக வைத்துக்கொள்வோம். அதாவது அடைவின் சாவி இரண்டு களங்களைக் கொண்டது: முதலில் பெயர், அடுத்துத் தந்தை பெயர். 'கணேசன் த/பெ சுப்பிரமணியம்' எங்கே என்று கேட்டால் உடனே காட்டலாம். 'கணேசன் என்ற பெயருடையோர் எல்லாரையும் காட்டு' என்றாலும் காட்டலாம். அவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஆக, பெயரை மட்டும் கொண்ட தனி அடைவு ஒன்று தேவையே இல்லை. அதன் வேலையை இந்த இரட்டை அடைவு சேர்த்தே பார்த்துவிடும்.

ஆனால், 'சுப்பிரமணியத்தின் பிள்ளைகள் யார் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். அண்ணன் கணேசன் 'க'வில் இருக்கிறார். தங்கை வாசுகி 'வ'வில் இருக்கிறார். பட்டியல் முழுவதையும் புரட்டாமல் விடை கிடைக்காது. இடப்பக்கத்திலிருந்து தொடங்கும் கேள்விகளுக்கு மட்டுமே ஓர் அடைவு உதவும் என்பதுதான் விதி. இடையில் முதல் களத்தைத் தாண்டிக் குதித்துத் தேடும் உத்தியும் உண்டு. ஆரக்கிள் அதை 9ஐ பதிப்பிலேயே கொண்டு வந்தது, மைஎஸ்கியூஎல்லில் 8.0.13-இல் வந்தது. ஆனால், முதல் களத்தில் சில மதிப்புகளே இருக்கும்போதுதான் அது பலன் தரும். ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலில் அதை நம்பிப் பயனில்லை.

கூடுதலாக ஓர் அடைவு இருந்தால்தான் என்ன, கெட்டுப் போய்விடுமா என்று கேட்கலாம். கெட்டுப் போகாது, ஆனால் சும்மாவும் இருக்காது. அட்டவணையில் ஒரு வரி சேரும்போதெல்லாம் ஒவ்வோர் அடைவிலும் ஒரு சாவியைச் சரியான இடத்தில் செருக வேண்டும். தேடுவது விரைவாகும், எழுதுவது மெதுவாகும். இடமும் பிடிக்கும். இதில் தமிழுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். அதிலும் 'சு' என்ற உயிர்மெய் நம் கண்ணுக்கு ஓரெழுத்து; கணினிக்கு 'ச'வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'சுப்பிரமணியம்' என்ற பெயர் நமக்கு எட்டெழுத்து. யூனிகோடில் 13 குறியீடுகள். வன்தட்டில் 39 பைட். அதையே ரோமன் எழுத்தில் வழக்கமாக எழுதினால் 11 பைட்தான். பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கும் தரவுத்தளத்தில் வேண்டாத அடைவு ஒன்று இருந்தால் அதன் சுமை அந்த அளவுக்குக் கூடும். அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. வேண்டாத அடைவைத்தான் விடச் சொல்கிறேன்.

இடத்தை மிச்சப்படுத்தப் பெயரின் முதல் பத்துக் குறியீடுகளை மட்டும் அடைவில் வைக்கும் வசதியும் மைஎஸ்கியூஎல்லில் உண்டு. 'சுப்பிரமணியம்', 'சுப்பிரமணியன்' இரண்டும் பத்தோடு வெட்டினால் 'சுப்பிரமணி' என்றே நிற்கும். அத்தகைய வெட்டிய அடைவு முழு அடைவுக்கு ஈடாகாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது மீண்டும் பாடப்பதிவுக்கு வருவோம். எந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மையான அட்டவணையையும் நான் இங்கே குறிப்பிடவில்லை. விளக்கத்திற்காக நானே வரைந்துகொண்ட ஒன்று இது. 'பாடப்பதிவு' எனும் அட்டவணையில் நான்கு களங்கள் உள்ளன: பதிவு எண், மெட்ரிக் எண், பாடம், பருவம். பதிவு எண்தான் முதன்மைச் சாவி. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி முறையில் அட்டவணையே அந்தச் சாவியின் வரிசையில் ஒரு மரமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஐந்து அடைவுகள்.

மாணவர் அட்டவணையோடு இணைக்க ஒருவர் மெட்ரிக் எண்ணுக்கு ஓர் அடைவு போட்டார். ஒரே மாணவர் ஒரே பருவத்தில் ஒரே பாடத்தை இருமுறை பதியக் கூடாது என்பதற்காக, மெட்ரிக், பாடம், பருவம் ஆகிய மூன்றையும் சேர்த்து இரட்டிப்புத் தடையுடன் இன்னோர் அடைவு வந்தது. பாட அட்டவணையோடு இணைக்கப் பாடத்திற்கு ஒன்று. விரிவுரையாளரின் பெயர்ப்பட்டியலுக்காகப் பாடம், பருவம் என்ற வரிசையில் ஒன்று. பருவ இறுதி அறிக்கைக்காகப் பருவம், பாடம் என்று திருப்பிப் போட்டு ஒன்று. யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

20,000 மாணவர்கள் ஆளுக்கு ஆறு பாடம் பதிந்தால் 120,000 வரிகள். அட்டவணையும் ஐந்து அடைவுகளுமாக ஆறு மரங்கள். ஆகவே, அந்த ஒரு காலையில் 720,000 செருகல்கள். இரண்டு அடைவுகளைக் குறைத்தால் அது 480,000 ஆகும்.

எந்த இரண்டு? மெட்ரிக் அடைவு போகலாம். மூன்று கள அடைவு மெட்ரிக்கில்தான் தொடங்குகிறது. பாடம் மட்டும் உள்ள அடைவும் போகலாம். பாடம், பருவம் அடைவு அதைத் தாங்கும். இத்தோடு கணக்கு முடிந்தது போல் தோன்றும். ஆனால், வேறொரு வழியும் இருக்கிறது. பாடமும் பருவமும் தெரிந்த கேள்விக்கு, 'பாடம், பருவம்' அடைவும் 'பருவம், பாடம்' அடைவும் ஒரே மாதிரி விடை தரும். எனவே பாடம் மட்டும் உள்ள அடைவை வைத்துக்கொண்டு, 'பாடம், பருவம்' அடைவை எடுத்துவிடவும் முடியும். இதில் எஞ்சுவது மெல்லிய அடைவு. ஒரு பாடத்தின் எல்லாப் பருவப் பதிவுகளையும் பருவ வரிசையில் அடிக்கடி கேட்பவர் இருந்தால் முதல் வழி. இல்லையென்றால் இரண்டாம் வழி. எந்தக் கேள்வி அன்றாடம் வருகிறது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. கருவிகள் நமக்குச் சொல்வது முதல் வழியை மட்டுமே. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கூடவே வரும் 'சிஸ்' தொகுப்பில், வேண்டாத அடைவுகளைப் பட்டியலிட்டு, எந்த அடைவு எதை விழுங்குகிறது என்று காட்டும் காட்சி ஒன்று உண்டு. நல்ல கருவி. ஆனால், நம் கேள்விகள் என்னவென்று அதற்குத் தெரியாது.

சில தரவுத்தளங்கள் இந்தப் பங்கீட்டைத் தாமே செய்கின்றன. இன்னோடிபியில் அயல் சாவி ஒன்றை அறிவித்தால், அந்தக் களத்தில் தொடங்கும் அடைவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளும். இல்லையென்றால் தானாக ஒன்றை உருவாக்கும். பின்னர் நாம் பொருத்தமான பெரிய அடைவு ஒன்றைப் போட்டால், தான் உருவாக்கியதைச் சத்தமின்றி நீக்கிவிடவும் கூடும். ஆனால், நாம் பெயர் சூட்டி உருவாக்கியதை அது தொடாது. வீட்டுக்காரர் வாங்கி வைத்த பாத்திரத்தை வேலையாள் தூக்கிப் போடமாட்டார் அல்லவா!

கனடாவின் வாட்டர்லூவில் தோன்றிய எஸ்கியூஎல் எனிவேர் எனும் தரவுத்தளம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே அடைவின் பெயர் வேறு, வன்தட்டில் இருக்கும் மரம் வேறு. முதன்மைச் சாவி, அயல் சாவி, இரட்டிப்புத் தடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பெயர் பதிவாகும். களங்களும் அவற்றின் வரிசையும் ஏறுவரிசை இறங்குவரிசையும் அப்படியே ஒத்துப்போனால், அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே மரத்தைச் சுட்டும். ஒரு பெயரை நீக்கினாலும், இன்னொரு பெயர் சுட்டிக்கொண்டிருக்கும் வரை மரம் நிற்கும். மிக நேர்த்தியான ஏற்பாடு இது. ஆனால், முழுப் பொருத்தம் இருந்தால்தான் பங்கீடு. பாதிப் பொருத்தத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

தானாகவே இரட்டிப்பை உண்டாக்கும் கருவிகளும் இல்லாமலில்லை. பைத்தான் நிரலர்கள் விரும்பும் ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு வேலை செய்யும்போது ஒவ்வோர் அயல் சாவிக்கும் ஓர் அடைவைப் போட்டுவிடும். அதே களத்தில் தொடங்கும் கூட்டுத் தடையை நாம் அறிவித்தால் அதற்கும் ஒன்றைப் போடும். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஜாங்கோவைப் பயன்படுத்தும் நண்பர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது.

இதுவரை தேடும் வேலையைப் பற்றித்தான் பேசினோம். அடைவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது காவல் வேலை. என்னைக் கேட்டால், இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

நம் அட்டவணையில் 'பிரிவு' என்று ஒரு களம் சேர்கிறது எனக் கொள்வோம். மாணவர் தம் கால அட்டவணையைப் பார்க்கும்போது எல்லா விவரமும் அடைவிலிருந்தே கிடைக்கட்டும் என்று ஒருவர் மெட்ரிக், பாடம், பருவம், பிரிவு என நான்கு களங்களில் புதிய அடைவு போடுகிறார். இடப்பக்க விதிப்படி பார்த்தால், பழைய மூன்று கள அடைவு இதனுள் அடங்கிவிட்டது. எடுத்துவிடலாமே! எடுத்தால் தேடலில் ஒரு குறையும் வராது. ஆனால் அன்று முதல், ஒரே மாணவர் ஒரே பாடத்தை முதல் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் பதிந்தால் தடுக்க யாருமில்லை. 'நான்கு கள அடைவுக்கே இரட்டிப்புத் தடை போட்டால் போயிற்று' என்று சொல்பவர்களும் உண்டு. போகாது. பிரிவு வேறாக இருப்பதால் அந்த இரண்டு வரிகளும் வெவ்வேறு சாவிகள். தடை அவற்றைக் கண்டுகொள்ளாது. மூன்று களங்களில் தரப்பட்ட வாக்குறுதியை நான்கு களங்கள் காப்பாற்றா. ஒருவர் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவருக்கு இடமில்லை என்று திரை சொல்லும். பருவ நடுவில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வரும்.

தேடலையும் காவலையும் ஒரே மரத்தில் வைக்கவே முடியாதா என்றால், முடியும், தரவுத்தளத்தைப் பொறுத்தது. ஆரக்கிளில், தடைக்குரிய களங்கள் முன்னால் நிற்கும் சாதாரணப் பெரிய அடைவைக் கொண்டே தடையை நிறைவேற்றலாம். எஸ்கியூஎல் சர்வர் 2005-இலும் போஸ்ட்கிரெஸ் 11-இலும் (2018) வேறொரு வழி வந்தது. சாவியில் மூன்று களங்கள்தாம், தடை அவற்றுக்கே. பிரிவு என்ற நான்காவது களம் சாவியில் சேராமல் மரத்தின் இலைகளில் உடன்பயணியாக மட்டும் வரும். கால அட்டவணைக் கேள்விக்கும் விடை கிடைக்கும், காவலும் நீடிக்கும். இன்னோடிபியில் இந்த வசதி இல்லை. அங்கே இரண்டு அடைவுகளையும் வைத்துக்கொள்வதே முறை. இந்த இரட்டிப்பு வீண் அன்று.

இன்னோடிபியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அதன் எல்லா அடைவுகளின் வாலிலும் முதன்மைச் சாவி ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் 'மெட்ரிக்' என்று எழுதினாலும் உள்ளே அது 'மெட்ரிக், பதிவு எண்' என்றே இருக்கிறது. எனவே 'இந்த மாணவரின் பதிவுகளைப் பதிவு எண் வரிசையில் தா' என்றால் அடைவில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். மூன்று கள அடைவிலோ பதிவு எண் கடைசியில் நிற்பதால், எடுத்த பிறகு மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்றாண்டில் நாற்பது ஐம்பது வரிகள் என்றால் அதைப் பற்றிக் கவலையில்லை. நூலக நுழைவுப் பதிவு போல ஒருவருக்கே ஆயிரக்கணக்கில் வரிகள் சேரும் அட்டவணை என்றால், 'வேண்டாதது' என்று தோன்றிய அந்தச் சிறிய அடைவு உண்மையில் வேண்டியதாக இருக்கும்.

எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் திரும்பப் போடலாமே என்றால், பெரிய அட்டவணையில் அடைவைத் திரும்பக் கட்ட நெடுநேரம் ஆகும். பாடப்பதிவு நடக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம். இதற்காகவே மைஎஸ்கியூஎல் 8.0-இல் (2018) அடைவை 'மறைத்து வைக்கும்' வசதி வந்தது. ஆரக்கிள் 11ஜி-யில் அது முன்பே இருந்தது. மறைத்த அடைவு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால், வினவல்களுக்கு வழி தேடும் பகுதியின் கண்ணில் படாது. எந்த வினவலாவது மெதுவானால் ஒரே கட்டளையில் திரும்பக் காட்டிவிடலாம்.

ஆனால், இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மறைத்து வைத்தாலும் இரட்டிப்புத் தடை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதாவது, மூன்று கள அடைவை மறைத்து மாதக் கணக்கில் காத்திருந்தாலும் எந்தக் குறையும் தெரியாது. உண்மையில் நீக்கிய மறுநாள்தான் காவல் போகும். அதுவும் சத்தமில்லாமல் போகும். அயல் சாவிக்கு வேண்டிய கடைசி அடைவை நீக்கப் போனால் மைஎஸ்கியூஎல் பிழைச்செய்தி காட்டி மறுத்துவிடும். இரட்டிப்புத் தடையை நீக்கும்போது அது ஒரு வார்த்தையும் சொல்லாது. நீக்கச் சொன்னீர்கள், நீக்கிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே, தடையுள்ள அடைவுகளை மறைத்துச் சோதிப்பதில் பொருளில்லை. அவற்றைக் காகிதத்தில் எழுதி, எந்த வாக்குறுதி எங்கே போகிறது என்று கையால் சரிபார்க்க வேண்டும்.

தடையில்லாத அடைவுகளுக்கு மறைத்து வைக்கும் சோதனை போதும். அதற்கும் ஒரு வாரம் போதாது. பருவ இறுதி அறிக்கை ஆண்டுக்கு இரண்டு முறைதான் ஓடும். தேர்வு மண்டப ஒதுக்கீடும் அப்படித்தான். 'பருவம், பாடம்' அடைவை இரண்டாம் வாரத்தில் மறைத்து, மூன்றாம் வாரத்தில் 'யாரும் கேட்கவில்லை' என்று நீக்கினால், பதினாறாம் வாரத்தில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். பதிவு தொடங்கும் நாளிலிருந்து புள்ளிகள் வெளியாகும் நாள் வரை ஒரு முழுப் பருவம் மறைத்து வைத்துவிட்டு, விடுமுறையில் நீக்கலாம்.